மன்னித்த தாய், பக்கம் மூன்று

பொட்கோரிட்சா, 3 பிப்ரவரி 2015

அக்கா,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். பரவாயில்லை, காகிதத்தில் எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தால் கிழி. பன்னிரண்டாம் தேதி நம் வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்று உனக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

அன்று வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மூன்று பேர் கொப்ரிவ்னாவுக்கு வருகிறார்கள். ஒரு கேமராக்காரர், ஒலிப்பதிவுக்கு ஒருவர், கேள்வி கேட்க விளம்பரக் கம்பெனியிலிருந்து ஒரு பெண். அம்மாவிடம் பேசிவிட்டேன், சரி என்றுவிட்டாள். கையெழுத்துப் போடவேண்டிய தாளை அவர்களே கொண்டுவருவார்கள். நீ செய்யவேண்டியது ஒன்றுதான். அவர்கள்மேல் பாயாதே.

நான் அரசியல்வாதி இல்லை, மின்னணுவியல் படித்தவன். பிரச்சார அலுவலகத்தில் என் வேலை அளப்பது. நேட்டோவில் நாம் சேரலாமா என்று நாடு முழுக்க மூவாயிரம் பேரைக் கேட்டோம். நம் மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பத்தொரு பேர் வேண்டாம் என்கிறார்கள். மந்திரி வந்து பேசினால் இந்த எண் அசையாது. வரைபடம் போட்டு வழவழப்பான தாளில் கொடுத்தால் அசையுமா என்று பார்த்தோம், நம் ஊரில் அதில் பாலாடைக்கட்டி மடித்தார்கள். தொண்ணூற்றொன்பதில் நேட்டோ நம்மேல் போட்ட குண்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி பேசினால் அசையும். அப்படி ஒரு தாய் என் வீட்டிலேயே இருக்கும்போது நான் ஏன் வேறு ஊரில் தேட வேண்டும்?

உனக்குக் கோபம் வரும். அண்ணன் ராடோயே செத்துப் பதினாறு வருஷமாகிறது அக்கா. குண்டு போட்டவர்களுக்கும் வயதாகிவிட்டது.

"ராடோயேவுக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று அம்மா கேட்டாள். பொமென் இருக்கும் என்றேன். சந்தோஷப்பட்டாள்.

மில்யான்

•

கொப்ரிவ்னா, 14 பிப்ரவரி

மில்யான்,

வந்தார்கள், போனார்கள். நான் யார்மேலும் பாயவில்லை. பாய்ந்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

உன் அலுவலகத்தில் பொமென் என்றால் ஒருவர் பெயரைக் குறிப்பிடுவது. இங்கே பொமென் என்றால் செத்தவனுக்குக் கோதுமை அவித்து, பாதிரியாரை வரவழைத்து, அவன் ஆத்மாவுக்காகச் செய்வது. இரண்டில் எது என்று அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை. சர்க்காருக்குக் கடைசியில் ராடோயேவின் நினைப்பு வந்துவிட்டது, அதுவும் சின்னவன் எடுத்துச் சொல்லி வந்திருக்கிறது என்று பூரித்துப்போனாள். இரண்டு நாள் முன்னதாகவே கோதுமையைப் பொறுக்கினாள். வால்நட் இடித்தாள். கீழூர்ப் பாதிரியாருக்குச் சொல்லி அனுப்பினாள். அவரும் முழங்கால் பனியில் ஏறி வந்தார். முன்னறை முழுக்க ஓடிய ஒயர்களைத் தாண்டித் தாண்டி உள்ளே வந்தவர், விளக்கையும் கேமராவையும் பார்த்துவிட்டு, "இங்க பூசை எனக்கா, இந்தப் பொட்டிக்கா?" என்று கேட்டார். திரும்பிப் போய்விட்டார்.

அம்மா அதற்கும் அசரவில்லை. வந்தவர்கள் கையில் ஆளுக்கொரு கரண்டி கொடுத்தாள். அந்தப் பெண், "எனக்கு வேணாம்மா, இப்பதான் சாப்பிட்டு வந்தேன்" என்றாள்.

"இது சாப்பாடு இல்ல கண்ணு. ஒரு வாய் போட்டுக்கிட்டு, கடவுள் மன்னிக்கட்டும்னு சொல்லணும்."

அதை அம்மாவே சொல்லிக் காட்டினாள். ஒலிப்பதிவுக்காரன் காதுக்கருவியை அழுத்திக்கொண்டு, "இன்னொரு தடவ சொல்லுங்கம்மா, நாய் கொலைச்சிடுச்சு" என்றான். சொன்னாள். மூன்றாவது முறை அழுதாள். அது அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டாள், கண்ணாடிகூடப் போடாமல்.

இது பொமென் இல்லை என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபின் வாய் வரவில்லை. நீ கிளப்பியது, நீயே வந்து சொல்.

ரோக்ஸாண்டா

•

பொட்கோரிட்சா, 20 பிப்ரவரி

அக்கா,

ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருப்பது என் குற்றமில்லை.

நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். அம்மா தவறாக எடுத்துக்கொண்டாள் என்று எனக்குப் போனிலேயே தெரிந்தது. "கோதுமைக்கு வெள்ளைச் சர்க்கரையா பொடிச் சர்க்கரையா?" என்று கேட்டாள். பொடி என்றேன். திருத்தியிருந்தால் சம்மதித்திருக்க மாட்டாள். அவள் சம்மதிக்கவேண்டியிருந்தது.

அன்று எடுத்ததை வைத்துச் செய்த துண்டறிக்கையின் டிராஃப்டை இதோடு வைத்திருக்கிறேன். பக்கம் மூன்றைப் பார். படம் நன்றாக வந்திருக்கிறது. கறுப்பு முக்காடு, ஜன்னல் வெளிச்சம். மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி: "நான் மன்னித்துவிட்டேன்." கீழே சின்ன எழுத்தில்: "என் பேரப்பிள்ளைகள் பயமில்லாமல் வாழட்டும்." பேரப்பிள்ளைகள் இல்லை என்று எழுதப்போகிறாய். தெரியும். விளம்பரக் கம்பெனி சேர்த்தது. ஒரு பக்கத்தை ஆட்கள் நான்கு நொடிதான் பார்ப்பார்கள், எத்தனை பேரப்பிள்ளைகள் என்று எண்ண மாட்டார்கள்.

மார்ச் ஒன்பதாம் தேதி அச்சுக்குப் போகிறது. பிறகு எல்லா வீடுகளுக்கும்.

மில்யான்

•

கொப்ரிவ்னா, 27 பிப்ரவரி

மில்யான்,

படத்தைப் பார்த்தேன். அந்த வரியையும் பார்த்தேன்.

கடவுள் மன்னிக்கட்டும் என்று யாரைச் சொல்வோம்? செத்தவனை. அவன் ஏதாவது பாவம் செய்திருந்தால் கடவுள் அவனை மன்னிக்கட்டும் என்று. கல்லறையில் சொல்வோம், பிராந்தி ஊற்றும்போது சொல்வோம், செத்தவன் பெயர் வாயில் வந்தாலே சொல்வோம். விளம்பரக் கம்பெனிப் பெண் கடற்கரைக்காரி, அவளுக்குப் புரியாமல் போயிருக்கலாம். உனக்குமா புரியவில்லை? பேச்சு வந்த நாளிலிருந்து நீயும் அதைச் சொல்லித்தானே அந்தக் கோதுமையைத் தின்றிருக்கிறாய்.

பத்தொன்பது வயதுப் பிள்ளைக்காக அவள் கடவுளிடம் கெஞ்சினாள். நீ அதை வெட்டி, அவனைக் கொன்றவர்களிடம் அவள் சமாதானமாகிவிட்டாள் என்று போட்டிருக்கிறாய்.

எடுத்துவிடு. வேறு எதையாவது போடு. உன் படத்தைப் போடு, செத்தவனுக்கு நீயும் தம்பிதானே. நீ மன்னித்ததாகச் சொல். ஊரில் உன்னைத் திட்டுவார்கள், நீ அங்கே இருக்கிறாய், உனக்கென்ன. அவள் இங்கே இருக்கிறாள். நாற்பத்து மூன்று வீட்டு வாசலையும் தினம் அவள்தான் தாண்டிப் போகவேண்டும்.

உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

ரோக்ஸாண்டா

•

பொட்கோரிட்சா, 5 மார்ச்

அக்கா,

இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஒரு போன் செய்தால் நிறுத்திவிடலாம். நான் செய்யப்போவதில்லை. மூன்று வகையாகப் போட்டுச் சோதித்தோம், அம்மாவின் பக்கம்தான் மற்ற இரண்டையும்விட இருமடங்கு வேலை செய்கிறது. என் படத்தைப் போட்டால் யார் பார்ப்பார்கள்?

ஊர் ஊர் என்கிறாய். அண்ணன் அன்றைக்குப் பட்டாளத்திலிருந்து ஒருநாள் லீவில் வீட்டுக்கு வந்திருந்தான். எனக்குப் பன்னிரண்டு வயது, கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். காவலுக்குப் போட்டிருந்த ரேடார் மலைக்குத் திரும்பிப் போக மாட்டேன் என்றான். "ஓடி வந்தவன்னு ஊரு பேசும்டா, நான் எப்படித் தெருவுல நடப்பேன்?" என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பியது யார்? நேட்டோ இல்லை. மறுநாள்தான் குண்டு விழுந்தது. இதை எந்தத் துண்டறிக்கையிலும் நான் போடவில்லை. அந்த மட்டுக்கு நான் நல்லவன்.

நீயும் யோசி. உனக்கு முப்பத்தெட்டு வயது. செத்தவனுக்கு அக்காவாக இருப்பதைத் தவிர இத்தனை வருஷம் வேறு என்ன செய்தாய்? நான் இந்த நாட்டை ஒரு கரையில் ஏற்றப் பார்க்கிறேன். கொஞ்சம் வலிக்கும்.

மில்யான்

•

கொப்ரிவ்னா, 16 ஏப்ரல்

மில்யான்,

உன் போன கடிதத்தை அடுப்பில் போட்டேன். அம்மா கண்ணில் படக்கூடாது என்றுதான்.

துண்டறிக்கை மார்ச் கடைசியில் வந்தது. தபால்காரர் நாற்பத்து மூன்று வீட்டிலும் போட்டார், நம் வீட்டிலும் ஒன்று போட்டார். அம்மா கண்ணாடி போட்டுப் படித்தாள். இரண்டு தரம் படித்துவிட்டு, "இத நான் சொன்னனா ரோக்ஸா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப யாரு சொன்னா?" என்றாள்.

மறுநாள் காலை முக்காட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வீடு வீடாகப் போய், அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். சிலர் வேலிக்கு மேலாக நீட்டினார்கள். உள்ளே வா என்று ஒருத்தரும் சொல்லவில்லை. விதவை ஸ்டானா மட்டும், "எனக்குக் கண்ணு தெரியல, நீயே படிச்சுக் காட்டிட்டு எடுத்துட்டுப் போ" என்றாள். அம்மா வாசலில் நின்று படித்துக் காட்டினாள். மன்னித்துவிட்டேன் என்பதையும் படித்தாள், பேரப்பிள்ளைகளையும் படித்தாள். ஸ்டானா ஊசியில் நூல் கோக்கிறவள். அவள் கண்ணுக்கு ஒன்றுமில்லை.

ஒப்ராட் தன் கடைச் சுவரில் ஒன்றை ஒட்டி வைத்திருக்கிறார், தராசுக்கு மேலே. அம்மா அதைக் கேட்டபோது கடையில் ஐந்து பேர் இருந்தார்களாம். அவர் சொன்னது இது: "இருக்கட்டும் கோஸ்பவாக்கா. உங்களுக்குப் பெரிய மனசு. எங்களுக்கெல்லாம் கோழிக்கூடு மாதிரி மனசு, அதுல நேட்டோ நுழைய மாட்டேங்குது. பாத்துப் பாத்துக் கத்துக்கறோம்." ஐந்து பேரும் சிரிக்கவில்லை, எழுந்து வெளியே போனார்கள். அம்மா இருக்கிற இடத்தில் யாரும் இருப்பதில்லை இப்போது.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர். முப்பது முட்டைக்குச் சாயம் போட்டு வைத்தாள். ஒருவரும் வரவில்லை. அம்மாவை உனக்குத் தெரியும், காப்பிக்கு ஆள் வராத நாள் அவளுக்கு நாளே இல்லை. மூன்று வாரமாக நம் வாசற்படியை மிதித்தது நானும் தபால்காரரும்தான். அவரும் படியோடு சரி.

"பொமென்னு அவன் சொன்னப்ப, நான் என்ன நெனச்சேன்னு அவனுக்குத் தெரியுமா?" என்று நேற்றுக் கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். பொடிச் சர்க்கரை என்று நீ சொன்னதையும் சொல்லிவிட்டேன். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கும் ஒருத்தர்மேல் கோபத்தைக் காட்டவேண்டியிருந்தது.

ரோக்ஸாண்டா

•

பொட்கோரிட்சா, 24 ஏப்ரல்

அக்கா,

புது எண்கள் வந்துவிட்டன. நம் மாவட்டம்: எண்பது. எண்பத்தொன்றிலிருந்து எண்பது. எங்கள் அளவீட்டில் மூன்று வரை பிழை இருக்கலாம் என்பதால் இதற்கு அர்த்தம் ஒன்றும் மாறவில்லை என்பதுதான். சோதனையில் வேலை செய்தது ஊரில் வேலை செய்யவில்லை. நாங்கள் சோதித்தது பொட்கோரிட்சா மாணவர்களை வைத்து. அவர்களுக்கு அம்மாவைத் தெரியாது. தெரியாதவர்களிடம்தான் அது வேலை செய்கிறது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். தொழில்முறையில் இது மோசமான தவறு.

இன்னொன்று. மக்களிடம் வாக்கெடுப்பே வைக்க மாட்டார்களாம், நாடாளுமன்றத்தில் கை தூக்கி முடித்துவிடுவார்களாம் என்று இங்கே பேச்சு. என் மேலதிகாரியிடம் கேட்டேன். "ஆமாம்ப்பா, அப்படித்தான் முடியும் போல" என்று சொல்லிவிட்டு சாண்ட்விச் வாங்கப் போனார். அப்படியானால் அந்த எண் எண்பதாக இருந்தாலென்ன, எட்டாக இருந்தாலென்ன? நான் எதற்கு அளந்துகொண்டிருந்தேன் என்று அவரிடம் கேட்கவில்லை.

மே பதினொன்று அண்ணனின் நினைவு நாள். நான் வரலாமா? ஒப்ராட்டிடம் நானே பேசுகிறேன். அம்மா அதைச் சொல்லவில்லை, நாங்கள்தான் வெட்டிப் போட்டோம் என்று கடையில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். பதிவின் முழு ஒலியும் என்னிடம் இருக்கிறது, போட்டுக் காட்டுகிறேன்.

அம்மாவிடம் கேட்டுச் சொல்.

மில்யான்

•

கொப்ரிவ்னா, 4 மே

மில்யான்,

கேட்டேன். வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "அவன் வந்து சொன்னா ஊரு நம்புமா? அம்மாவக் காப்பாத்தப் பொய் சொல்றான்னுதான் பேசும்" என்றாள்.

பிறகு வெள்ளிக்கிழமை தனியாகப் பஸ் ஏறி டவுனுக்குப் போய்வந்தாள். எதற்கு என்று கேட்டால், வருஷா வருஷம் ராடோயேவுக்குப் பேப்பரில் நினைவு நாள் விளம்பரம் கொடுப்போமே, அதற்கு என்றாள். எப்போதும் நான்தான் போய்க் கொடுப்பேன். இந்த முறை தானே போகவேண்டும் என்றாள்.

முன்னறைச் சுவரிலிருந்து உன் பட்டமளிப்புப் படத்தைக் கழற்றியிருக்கிறாள். சட்டம் காலியாகத் தொங்குகிறது. படம் அவள் கைப்பையில் இருந்தது, நான் பார்த்தேன். அதை எடுத்து வைத்துப் பார்க்கிறாளோ என்னவோ. எனக்கு அவளைப் படிக்கத் தெரியவில்லை. நீ வந்தால் நான் தடுக்க மாட்டேன், அது மட்டும் சொல்கிறேன்.

ரோக்ஸாண்டா

•

பொட்கோரிட்சா, 11 மே

அக்கா,

இன்று காலை எட்டு மணிக்கு நான் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் வரவேற்பில் இருக்கும் பெண் என்னைப் பார்த்துக் கத்திவிட்டாள். அவள் மேஜையில் பேப்பர் விரித்துக் கிடந்தது. நினைவு நாள் பக்கம்.

நீயும் பார்த்திருப்பாய். இடது பக்கம் அண்ணன், 1980–1999. வலது பக்கம் நான், 1987–2015. நான் இறந்த நாள் பிப்ரவரி பன்னிரண்டு என்று போட்டிருக்கிறது, கேமராக்காரர் வந்த நாள். கீழே: "என் இரண்டு பிள்ளைகளும். அம்மா கோஸ்பவா, அக்கா ரோக்ஸாண்டா."

பேப்பர் ஆபீசுக்குப் போன் செய்தேன். இறப்புச் சான்றிதழ் கேட்காமல் எப்படி அச்சடித்தீர்கள் என்று கேட்டேன். "பெத்தவ வந்து அழுதுகிட்டுக் கொடுக்கறா, அவகிட்ட சான்றிதழா கேட்பாங்க?" என்றான் அங்கிருந்தவன். அவர்கள் வேலை செய்கிற முறையில் பெரிய ஓட்டை. எழுத்து மூலம் புகார் கொடுக்கப்போகிறேன்.

மதியத்துக்குள் பதினொரு பேர் போன் செய்தார்கள். கல்லூரியில் எனக்கு மின்சுற்றுகள் பாடம் எடுத்தவர், நான் ஹலோ என்றதும், "நீங்க மில்யானுக்கு என்ன வேணும் தம்பி? எப்படிப்பா இது, நல்லாத்தானே இருந்தான்?" என்று கேட்டார். நான்தான் சார் பேசுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். திடீரென்று போய்விட்டான் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

உன் பெயரும் அதில் இருக்கிறது. உன்னைக் கேட்டுத்தான் போட்டாளா?

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அம்மா என்னை அடிக்கட்டும், துப்பட்டும். ஆனால் நேரில். நான் என்ன செய்யவேண்டும் என்று சொல்லச் சொல், செய்கிறேன். வேலையை விடச் சொன்னால் விட்டுவிடுகிறேன். நான் இருக்கிறேன் அக்கா. திருத்தம் போடச் சொல்.

மில்யான்

•

கொப்ரிவ்னா, 13 மே

மில்யான்,

என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் சரி என்றிருப்பேன். உண்மை அதுதான்.

பேப்பர் திங்கட்கிழமை பத்து மணி பஸ்ஸில் வந்தது. பதினொரு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ஒப்ராட் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையில் காப்பித்தூள் ஒரு பொட்டலம், சர்க்கரை ஒரு பொட்டலம். துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் கொண்டுவருவதைத்தான் கொண்டுவந்திருந்தார். அம்மா நல்ல கறுப்பு உடை உடுத்தி முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். காலை ஆறு மணியிலிருந்து அப்படியேதான் உட்கார்ந்திருந்தாள்.

"உங்க துக்கத்துல நானும் பங்கு கோஸ்பவாக்கா" என்றார்.

"வாங்க ஒப்ராட். உக்காருங்க" என்றாள்.

நீ உயிரோடு இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஸ்டானாவின் மருமகன் போன வாரம்தான் உன்னை பொட்கோரிட்சா சந்தையில் பார்த்தானாம், அவனும் வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்ன வயசு" என்று தலையை ஆட்டினான். எப்படிச் செத்தான், எங்கே புதைத்தீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் துண்டறிக்கையைப் பற்றியும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒப்ராட் கடைச் சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டாராம். பாதிரியார் கீழூரிலிருந்து நடந்தே வந்தார். திங்கட்கிழமை பதினேழு வீடு, நேற்று இருபத்தைந்து, இன்று காலை கடைசியாக ஸ்டானா. வைக்க இடமில்லாமல் காப்பித்தூளை ஜன்னல் திண்டில் அடுக்கியிருக்கிறேன்.

அம்மா உன்னைப் பற்றிப் பேசினாள். சின்னவன் ரேடியோவைப் பிரித்துப் போட்டுத் திரும்ப மாட்டுவான், ஒரு திருகாணிகூட மிச்சம் இருக்காது என்றாள். மூன்றாம் வகுப்பில் வாத்தியாரையே திருத்தினான் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அழுதாள். நடிக்கிறாள் என்று நினைக்காதே. ராடோயேவுக்கு எப்படி அழுதாளோ அப்படித்தான் அழுதாள். நான் பக்கத்திலேயே இருந்தேன், வித்தியாசம் தெரியவில்லை.

உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று நீ எழுதியிருந்த இடத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கடைசியில், "நல்லா எழுதியிருக்கான்" என்றாள். அதற்குள் வாசலில் யாரோ வந்துவிட்டார்கள்.

ஜூன் இருபதாம் தேதி உனக்கு நாற்பதாம் நாள் காரியம் வைத்திருக்கிறோம், பேப்பர் வந்த நாளிலிருந்து எண்ணி. நாற்பத்து மூன்று வீடும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை நீ பஸ்ஸைவிட்டு இறங்கினால், வந்தவர்கள் எல்லோரும் எதற்கு வந்தோம் என்று கேட்டுக்கொண்டு எழுந்து போகவேண்டியிருக்கும். அவள் மறுபடி தனியாக உட்கார்ந்திருப்பாள்.

வீடு நிறைய ஆள் இருக்கிறார்கள், மில்யான். வராதே.

ரோக்ஸாண்டா